மூன்றாவது நிலையத்தில் ஒரு கசிவு

என் சகலையின் காதை நம்பி நான் பத்தொன்பது வருஷம் குழி தோண்டியிருக்கிறேன். குடிநீர் வாரியத்தில் அவருக்குக் கசிவு பார்க்கும் வேலை, எனக்குத் தோண்டும் ஆட்களை மேய்க்கும் வேலை. கசிவு பார்ப்பது என்று பெயரே தவிர அதில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, கேட்பதுதான். தோள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் மேல்நுனியில் மரத்தில் கடைந்த ஒரு குமிழ். கம்பியை வால்வின் மேல் ஊன்றி, குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மண்ணுக்கடியில் பைப் எங்காவது ஒழுகினால் அந்தச் சீற்றம் இரும்பு வழியாக ஏறி வரும். நாலைந்து வால்வு கேட்டுவிட்டு நடுத்தெருவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். நான் அங்கே தோண்டுவேன், தண்ணீர் இருக்கும். "காஞ்சு கிடக்கு சகல" என்றாரானால் மண்வெட்டிகளை வண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். எப்படி, ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆபீசில் அவரைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் அக்காவைக் கட்டியவன், அவர் தங்கையைக் கட்டியவர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே, அடுப்படியில் அக்காளும் தங்கையும் எங்களைப் பற்றிக் குசுகுசுப்பதை எனக்கு வரிக்கு வரி ஒப்பிப்பார். என் மனைவிக்கு என்னைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். வேண்டாத வேலை. ஆனாலும் எங்களுக்குள் ஒட்டுதல் உண்டானது அதில்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வீட்டில் கிடந்தவர், பொழுது போகாமல் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். யுத்தகாலத்து நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் விளையாட்டு. டுமீல் டுமீல் என்று ஏதாவது நடக்கும் என்று நம்பி நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கடல்தான் தெரிந்தது. அதுவும் சாம்பல் நிறக் கடல்.

"சண்டை எப்ப வரும் சகல?" என்று கேட்டேன்.

"இந்த வேகத்துல போனா வியாழக்கிழமை" என்றார்.

நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவரை இழுத்தது சண்டை இல்லை. அந்தக் கப்பலில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் கடலைக் கேட்கும் ஆள் ஒருவன் உண்டு. தூரத்துக் கப்பலின் உந்துவிசிறிச் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம் என்று சொல்லிவிடுவான். "நம்ம வேலைதான் சகல. என்ன, அவனுக்கு வெயில் கிடையாது" என்பார்.

கப்பல் மேலே வந்து மிதக்கும்போது மட்டும் வானொலிப் பெட்டி வேலை செய்யும். ஆனால் குமிழை எங்கே திருப்பினாலும் வெறும் இரைச்சல்தான். விளையாட்டைச் செய்தவர்கள் ஒன்பது விநாடி இரைச்சலைப் பதிந்து அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருந்தார்கள். ஊரில் வேறு ஒருத்தனுக்கும் அது தெரிந்திருக்காது. இவருக்குத் தெரிந்துவிட்டது. "எட்டாவது செகண்டுல ஒரு 'டக்' வருது சகல. ஒவ்வொரு சுத்துக்கும் அதே 'டக்'. மண்டைக்குள்ள ஆணி அடிக்கிறான்" என்று புலம்பினார். அந்தப் பெட்டியில் நாமே நிலையங்களைச் சேர்க்க வழி இருக்கிறது என்று எங்கேயோ படித்தார். அன்று பிடித்த பைத்தியம் அவருக்கு.

பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி கிராமபோன் தட்டுகள் சேர்த்தார். தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்துக்கு வெளியே, கறுப்பு அரக்கிலேயே ஓர் எண் பொறித்திருக்கும். அதை வைத்து அந்தப் பாட்டு எந்த மாதம் பதிவானது என்று கண்டுபிடிப்பார். விளையாட்டில் யுத்தம் மாதம் மாதமாக நகர்கிறது. அந்த மாதத்தில் பிறக்காத பாட்டு அந்த மாதத்தில் ஒலிக்கக் கூடாது. இது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஒருமுறை, ஒரு நடனப் பாட்டை மூன்று மாதம் முன்னதாகப் போட்டுவிட்டது தெரியவந்தபோது அதை எடுத்துவிட்டு, விளையாடுகிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் நாலு வரி மன்னிப்பு எழுதினார். ஒருவரும் கவனித்திருக்கவே இல்லை. எங்கள் வாரியத்தில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டாலும் ஒரு வரி எழுத மாட்டார்கள்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கப்பல் மூழ்கினால் பெட்டி ஊமையாகிவிடும். மறுபடி மேலே வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. நிலையம் தன்பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும், அதனால் பாட்டு முடிந்து வேறொன்று ஓட வேண்டும். இதைச் செய்து முடிக்க அவருக்கு ஏழு மாதம் ஆனது. "நாம கேக்கலன்னா பாட்டு நமக்காக நிக்குமா?" என்று என்னிடம் கேட்டார். நிற்காது என்று நானும் ஒப்புக்கொண்டேன். வேறு என்ன சொல்ல?

மொத்தம் ஐந்து நிலையங்கள். கடற்படையின் உத்தரவு நிலையம் ஒன்று, துறைமுகத்து நடன மண்டபத்திலிருந்து பாட்டு மட்டும் வரும் நிலையம் ஒன்று, இப்படி. பேச்சு வேண்டிய இடங்களுக்கெல்லாம் என் மச்சினி, அதாவது அவருடைய மனைவிதான் குரல். அவள் கண் மருத்துவமனையில் வரிசை எண் கூப்பிடும் வேலை பார்க்கிறாள். முதல் நாள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்ததும், "நாற்பத்தேழு, மூன்றாம் அறை" என்கிற தொனியில் போர்ச் செய்தி வாசித்தாளாம். எதிரி நிலையத்தில், மாலுமிகளை மயக்கிச் சரணடையச் சொல்லும் பெண் ஒருத்தி பேச வேண்டும். இன்னும் கொஞ்சம் குழைவாக, இன்னும் கொஞ்சம் குழைவாக என்று இவர் கேட்டுக்கொண்டே இருக்க, "இதுக்கு மேல எனக்கு இனிப்பா வராது, வேணும்னா எங்கக்காவைக் கூப்பிட்டுக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். என் மனைவியைக் கூப்பிட்டிருந்தால் கடற்படை முழுவதும் கரையேறி ஓடியிருக்கும்.

மூன்றாவது நிலையம், சண்டையில் சேராத ஒரு நாட்டின் நிலையம். மணி அடிக்கும், வானிலை சொல்வார்கள், மீன் விலை வாசிப்பார்கள், நடுநடுவே பியானோ. அவருக்கு மிகவும் பிடித்த நிலையம் அதுதான். மற்றவற்றைக் கூடத்தில் பதிந்தார். அதற்குள் எதிர்வீட்டில் இரும்பு வெட்டும் பட்டறை வந்துவிட்டதால், மூன்றாவதைக் குளியலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் பதிந்தார். பாட்டும் பேச்சும் பழைய மரப்பெட்டி வானொலியின் வாய் வழியாக வர வேண்டும், அதற்கு ஒரு கை தூரத்தில் ஒலிவாங்கி இருக்க வேண்டும் என்று அந்தப் பொந்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துவைத்திருந்தார்.

அந்த வருஷம் ஆபீசில் எங்களுக்கு நேரம் சரியில்லை. அவர் குறி போட்ட இடத்தில் மூன்று குழிகள் காய்ந்துபோயின. அதுவரை பத்தொன்பது வருஷத்தில் காய்ந்த குழி இரண்டோ மூன்றோதான். நான் வரைபடப் பிரிவுக்குப் போய், பைப் போகும் பாதையைத் தப்பாக வரைந்திருக்கிறாய் என்று அங்கிருந்த வரைபடக்காரரைக் கிழிகிழியென்று கிழித்தேன். அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க இடம் இருக்காது. என் சகலையின் காதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாம்புக்காது ஆயிற்றே.

மூன்றாவது குழி காய்ந்த அன்று பொறியாளர் அம்மா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சிறு வயது, ஆனால் சுற்றிவளைக்காத ஆள்.

"இன்னொரு குழி இப்படி ஆச்சுன்னா கம்பியை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடுவேன். உங்களைப் புகார் கவுன்டர்ல போடறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் சகலை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கம்பி போவது அவருக்குக் கை போவது மாதிரி. அது இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை, எங்கள் தெருவில் சேறு வருகிறது என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்தே அவருக்கு முகம் செத்துப்போனது. "அடுத்த குறி தப்பாது சகல, பாருங்க" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அந்த வாரம்தான் ஐந்து நிலையங்களையும் ஒன்றாகக் கட்டி இணையத்தில் விட்டார். மறுநாளிலிருந்து ஒரே பாராட்டு. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், பாதிப்பேருக்கு மச்சினியின் பேச்சு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் புகழ்ந்து தள்ளினார்கள். புரியாத பாஷையில் தூரத்து நிலையம் கேட்பதுதான் கடலில் நிஜம் என்று எழுதினார்கள். ஆபீசில் தொங்கப்போட்டிருந்த முகம் கொஞ்சம் நிமிர்ந்தது.

நாலாம் நாள் உப்புமூட்டை என்ற பெயரில் ஒருவர் எழுதினார். மூன்றாவது நிலையத்தைத் திருப்பினால் கப்பலில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கிறதாம். பழுது பார்க்கும் ஆட்களை முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்த்தாராம், எங்கும் ஓட்டை இல்லையாம். கப்பல் மூழ்கியதும் சத்தம் நின்றுவிடுகிறது, மேலே வந்ததும் மறுபடி ஒழுகுகிறது என்று எழுதியிருந்தார். மூழ்கினால் ஒழுகாமல் மிதந்தால் ஒழுகும் கப்பல் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று சொல்லி நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அடுத்த இரண்டு நாளில் பதினோரு பேர் அதையே எழுதினார்கள். ஒருவர், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி வெடிகுண்டுகளையெல்லாம் கடலில் தள்ளிக் கப்பலின் பாரத்தைக் குறைத்துவிட்டாராம். மூன்று வார வேட்டை பாழ்.

சகலைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. உட்கார்ந்து பதில் எழுதினார்: "மூன்றாவது நிலையத்தில் எந்தக் குறையும் இல்லை. கேட்பதுதான் என் தொழில். உங்கள் காதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க சகல. நீங்களும் ஒரு தடவை கேட்டுட்டு, ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

போனேன். பட்டறைக்கு விடுமுறை, தெரு அமைதியாக இருந்தது. என்னைச் சாமான் அறையில் ஸ்டூலில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினார். மணி அடித்தது. மச்சினி வானிலை சொன்னாள். பிறகு மீன் விலை வந்தது. அந்த மீன் விலைக்குப் பின்னால், மெல்லிசாக, விடாமல், ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீற்றம்.

எனக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. மண்வெட்டி பைப்புக்கு அரை அடி மேலே இருக்கும்போது குழிக்குள்ளிருந்து வரும் சத்தம் அது. எத்தனை நூறு தடவை கேட்டிருக்கிறேன். நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை.

"என்ன சகல, ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டார். ஜெயித்துவிட்ட முகம்.

நான் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னேன். மரப்பெட்டியின் வயரையும் பிடுங்கினேன். அப்போதும் இரைந்தது. நடையில் அவருடைய கம்பி சாத்தியிருந்தது. எடுத்துவந்து, தட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் ஊன்றிக் காதை வைத்தேன். அந்தக் கம்பியில் நான் காது வைத்தது அதுதான் முதல் தடவை. சீற்றம் காதுக்குள் ஊசி மாதிரி ஏறியது. காதை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

"இங்க கேளுங்க" என்று கம்பியை அவரிடம் கொடுத்தேன்.

அவர் தெருவில் எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்டார். காலை அகட்டிவைத்து, இடது கையால் இன்னொரு காதைப் பொத்தி, கண்ணை மூடி, நிதானமாக. ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் போதும் என்றாகிவிட்டது. கேட்டுவிடு சாமி, கேட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தார். "காஞ்சு கிடக்கு சகல" என்றார்.

நான் அலமாரியை ஒரு முழம் நகர்த்தினேன். அதன் பின்னால் வண்ணப்பூச்சு உப்பிப்போயிருந்தது. சாவியால் லேசாகக் கீறியதும் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே சிமெண்ட் கறுத்து, தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மச்சினி தேநீரோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயோ, சுவர் இப்படி ஆயிடுச்சா! அப்ப அந்த சத்தம் இதுதானா மாமா? நான் இவரோட பொட்டி போடற சத்தம்னு நினைச்சேன். போன வருஷத்துல இருந்தே இரையுதே."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த அறையில் எந்நேரமும் ஏதாவது கரகரத்துக்கொண்டுதான் இருக்கும். அதோடு தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சம். பதிந்ததை ஒரு நாளும் போட்டுக் கேட்டதில்லை.

சகலை ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடி கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். காதை மாற்றி வைத்தார். பிறகு மச்சினியிடம், "இப்பவும் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்க."

"உங்களுக்கு?"

"கேக்குது சகல" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பக்கத்திலேயே நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு நாளாவது இந்த மனுஷனைப் பார்த்தேனா? ஒரு பாவமும் அறியாத வரைபடக்காரரைப் போய் வாய்க்கு வந்தபடி பேசினேனே.

அவர்தான் முதலில் பேசினார். "குழி காஞ்சா தெரிஞ்சுடும். காஞ்சு கிடக்குன்னு நான் சொன்ன தெருவை எவன் தோண்டிப் பாத்தான்?"

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நாங்கள் மண்வெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பிய தெருக்களெல்லாம் கண்முன் வந்தன.

நான் அவருக்கு ஒரு வழி சொன்னேன். நல்ல வழி இல்லை, தெரிந்துதான் சொன்னேன். "யாருக்கும் தெரிய வேணாம் சகல. இனிமே நான் கூடவே வரேன். நான் கேட்டு சைகை காட்டறேன், நீங்க குறி போடுங்க. பழைய தெருவையும் ஒவ்வொண்ணா சத்தமில்லாம பாத்துடலாம்." அவர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. மச்சினியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். அந்தக் கம்பியின் குமிழ் அவர் காதின் தேய்மானத்தில் வழவழப்பாகியிருந்தது. தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை யோசித்தார். அவர் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன், மறைத்து என்ன?

"மூணு மாசம் முந்தின பாட்டுக்கே மன்னிப்பு கேட்டவன் சகல நான்" என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை எனக்கு முன்னாலேயே ஆபீசுக்குப் போய்விட்டார். பொறியாளர் அம்மாவின் மேஜை மேல் கம்பியைப் படுக்கவைத்துவிட்டு, ஒரு காகிதத்தையும் வைத்தார். ஒன்றரை வருஷத்தில் அவர் கேட்டு, கசிவு இல்லை என்று கையெழுத்துப் போட்ட தெருக்கள், மொத்தம் நாற்பத்தொன்று. இதையெல்லாம் வேறு காது கேட்க வேண்டும் என்றார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா காகிதத்தை முழுவதும் படித்துவிட்டு, "உக்காருங்க" என்றார். அதற்கு முன் சகலையை அந்த அறையில் யாரும் உட்காரச் சொன்னதில்லை.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, பேச்சு இன்னும் பல வருஷத்துக்கு நன்றாகவே கேட்கும், மெல்லிய சீற்றம்தான் போய்விட்டது, இரண்டு காதிலும், திரும்ப வராது என்றார். சகலை புகார் கவுன்டருக்குப் போனார். புது ஆள் வரும்வரை கம்பி என்னிடம் வந்தது. கேட்டவர் நீங்கள்தானே, நீங்களே பாருங்கள் என்றுவிட்டார்கள்.

நாற்பத்தொரு தெருவையும் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், போக்குவரத்து தொடங்குமுன் கேட்டேன். கவுன்டர் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அவரும் கூடவே வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன கேக்குது?" என்பார்.

"சுர்ருங்குது."

"மேல் சுர்ரா, கீழ் சுர்ரா?"

"சுர்ருல என்னய்யா மேல் கீழ்?"

"தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரியா, சைக்கிள் டியூப்ல காத்து போற மாதிரியா?"

"டியூப்" என்பேன். "அப்ப கிட்டத்துலதான் இருக்கு, அடுத்த வால்வு பாருங்க" என்பார். இப்படி என் வாயைப் பிடுங்கியே ஆறு கசிவு பிடித்தோம். ஐந்து சாதாரணம். ஆறாவது மாவு மில்லுக்கு எதிரில். தோண்டினால் தார்ச்சாலைக்கு அடியில் மண் முழுவதும் அரித்துப்போய், ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. மூட்டை ஏற்றிய லாரிகள் தினமும் அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தன. அவர் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நடந்து போய் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்று கவுன்டரில் யாரிடமும் அவர் சரியாகப் பேசவில்லை என்று சொன்னார்கள். நான் வரைபடப் பிரிவுக்குப் போய் அந்த வரைபடக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் உட்கார நாற்காலி இழுத்துப் போட்டார்.

சாமான் அறைச் சுவரை உடைத்து பைப்பை மாற்றினோம். பூச்சு காய்ந்ததும் சகலை மூன்றாவது நிலையத்தை முதலிலிருந்து பதிந்தார். மச்சினி மறுபடி எல்லா மீன் விலையும் வாசித்தாள். சலித்துக்கொண்டுதான் வாசித்தாள். ஆனால் போன தடவைக் குரலைவிட இந்தச் சலிப்பு அந்த நிலையத்துக்குப் பொருத்தமாக இருந்ததாம். சகலை இணையப் பக்கத்தில் எழுதினார்: "மூன்றாவது நிலையத்தில் நீங்கள் கேட்ட கசிவு நிஜம். அது உங்கள் கப்பலில் இல்லை, என் வீட்டுச் சுவரில் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. உங்கள் காதைச் சரிபார்க்கச் சொன்னேன். சரிபார்க்க வேண்டிய காது என்னுடையது. மன்னிக்கவும்." உப்புமூட்டை முதல் ஆளாகப் பதில் போட்டார். யுத்தகாலத்தில் எல்லாக் கப்பலும் கொஞ்சம் ஒழுகியது, பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.

புதுப் பதிவை இணையத்தில் விடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து, கம்பியோடு நேராக அங்கேதான் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். இந்த விளையாட்டை நான் கிண்டலடிக்காமல் உட்கார்ந்தது அன்றுதான். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். மணி, வானிலை, மீன் விலை, பியானோ, மறுபடி மணி. அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டைக் கேட்கவில்லை, பாட்டுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டேன். மரப்பெட்டியின் மெல்லிய உறுமல் இருந்தது, மச்சினி காகிதம் புரட்டுவது இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இருந்தும் நான் உடனே கழற்றவில்லை. முழுவதும் முடியட்டும் என்று இருந்தேன். பத்தொன்பது வருஷம் இந்த மனுஷன் 'ஒன்றும் இல்லை' என்று சொல்கிற இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டா தெருத்தெருவாக நடந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"காஞ்சு கிடக்கு சகல" என்றேன்.

எப்படி, ஏன் என்று அவர் கேட்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, தேநீர் போட எழுந்து போனார்.